கடல் கடந்து வரும் கார்: அதன் மெய்யான விலை என்ன?

ஒரு காலத்தில் எமது ஊர்களில் மோட்டார்க் கார் என்பது டாக்டர் வீட்டிலும் பெரிய வியாபாரிகளின் வீட்டிலும் மட்டுமே காணப்பட்ட பொருள். ஏனையோர் கலியாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தியில் நின்ற ஏ-40 வாடகைக் காரையே நம்பியிருந்தனர். போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காத நாட்களில் அந்த ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியதை எமது மூத்தோர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று ஒரு கார் ஒரு கிராமத்துக்கே போதுமானதாயிருந்தது.

இன்று நிலைமை வேறு. ஆசிரியர் குடும்பத்திலும், வங்கி ஊழியர் வீட்டிலும், பிள்ளைகள் வெளிநாட்டில் உழைக்கும் வீட்டிலும் "எமக்கும் ஒரு கார்" என்ற பேச்சு இராச் சாப்பாட்டு வேளையில் எழாமல் இருப்பதில்லை. அந்த ஆசையை நாம் குறை கூறவில்லை. முதிய பெற்றோரை வைத்திய பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும், மழைக்காலத்தில் பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கவும் ஒரு வாகனம் பேருதவிதான். ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பாலும் ஒரே ஒரு தொகையே அடிபடுகிறது: "யப்பானில் அந்தக் கார் இவ்வளவுதானாம்!" யானையின் விலையைக் கேட்டவர்கள் அங்குசத்தின் விலையையும், தீனியின் விலையையும், யானை வந்து நிற்கப்போகும் கொட்டிலின் விலையையும் கேட்க மறந்துவிடுகின்றனர். யப்பானில் ஓடிய ஒரு கார் இலங்கையில் எமது வாசலுக்கு வந்து சேரும்போது அதன் மெய்யான விலை என்ன என்பதைப் படிப்படியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்து ஆண்டுகள் மூடியிருந்த கதவு

முதலில் சிறிது வரலாறு. 2020 மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்று பரவத் தொடங்கிய வேளையில், அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கும் பொருட்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் நாடு தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அறிவிக்கும் நிலைக்கு வந்தது. அந்த ஆண்டின் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சென்றது. பெற்றோல் வரிசைகளில் இரவு பகலாய் நின்ற அந்த நாட்களை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். தனியார் பாவனைக்கான கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே.

இந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. புதிய வாகனங்கள் வராதபடியால் நாட்டுக்குள் இருந்த பழைய கார்களின் விலை ஏறியது. ஆறு ஆண்டு ஓடிய காரை வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்றவர்கள் இருந்தனர். இதனால் "கார் என்பது காணி போன்றது, அதன் விலை ஏறுமேயன்றி இறங்காது" என்ற எண்ணம் பலர் மனத்தில் வேரூன்றியது. இது பஞ்சகாலத்துக் கணக்கு. பஞ்சத்தில் நெல் விற்ற விலையை வைத்துக்கொண்டு எவரும் வயல் வாங்குவதில்லை. கதவு திறந்துவிட்ட பின்னர், உலகெங்கும் நடப்பது போலவே, கார் ஆண்டுக்கு ஆண்டு தேயும் பொருளாகவே எண்ணப்பட வேண்டும்.

ஏலக்கூடத்திலிருந்து கப்பல்வரை

யப்பானில் வீதியின் இடப்பக்கத்தால் வாகனம் செலுத்துகின்றனர். ஆகையால் அங்குள்ள கார்களின் ஸ்டியரிங் எமது நாட்டில் உள்ளதைப் போலவே வலப்பக்கத்தில் உள்ளது. அத்துடன் புதிய காருக்கு மூன்று ஆண்டுகளின் பின்னரும், அதன்பின் ஈராண்டுக்கு ஒரு முறையும் "ஷாக்கென்" எனப்படும் செலவு மிகுந்த கட்டாயப் பரிசோதனை அங்கே உண்டு. அந்தச் செலவை விரும்பாத பலர் மூன்றாம் ஆண்டை ஒட்டியே காரை விற்றுவிடுகின்றனர். இலங்கையும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத பழைய கார்களையே இறக்குமதி செய்ய அனுமதிக்கிறது. இந்த இரண்டு விதிகளும் சந்திக்கும் இடத்திலேதான் எமது "ரீகண்டிஷன்" கார் வியாபாரம் நிற்கிறது.

கனடாவிலிருந்து அண்ணன் தனது காரையே அனுப்பிவைக்கப் போவதாகச் சொன்னார் என்று சில வீடுகளில் பேசக் கேட்டிருக்கிறோம். அன்பு பெரிதுதான், ஆனால் அங்குள்ள காரின் ஸ்டியரிங் இடப்பக்கத்தில் இருக்கிறது. அது இங்கே சாதாரண பாவனைக்கு அனுமதிக்கப்படுவதில்லை. வயதெல்லையும் குறுக்கே நிற்கும்.

யப்பானிலே பழைய கார்கள் பெரும்பாலும் மாபெரும் ஏலக்கூடங்களில் கைமாறுகின்றன. அங்கே ஒவ்வொரு காருக்கும் பரிசோதகர் ஒரு தாளில் மதிப்பெண் எழுதுகிறார். 5, 4.5, 4, 3.5 என்று வெளித்தோற்றத்துக்கும் பொது நிலைமைக்கும் ஓர் எண். உள்ளமைப்புக்கு ஏ, பீ, சீ என்று ஓர் எழுத்து. "ஆர்" அல்லது "ஆர்.ஏ." என்று எழுதியிருந்தால் அந்தக் கார் விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்டது என்று பொருள். காரின் படத்தின்மேல் "ஏ" என்றிருந்தால் கீறல், "யூ" என்றிருந்தால் நெளிவு, "டபிள்யூ" என்றிருந்தால் தட்டி நிமிர்த்திய இடம், "எக்ஸ் எக்ஸ்" என்றிருந்தால் மாற்றப்பட்ட பாகம். இந்தத் தாள் யப்பானிய மொழியில் இருக்கும். இதுவே காரின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் போன்றது. இதைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. காட்டுகின்ற தாளும் போலியாகத் தயாரிக்கப்படக்கூடும். ஆகையால் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒருவர் மூலம் அதை ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். அதற்கான சிறு கட்டணத்தை மிச்சம் பிடிக்க எண்ணுவது பெரும் பேதைமை.

விலை கூறும்போது வியாபாரிகள் இரண்டு சொற்களைப் பயன்படுத்துவர். "எப்.ஓ.பி." என்றால் யப்பானியத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையுள்ள விலை. "சீ.ஐ.எப்." என்றால் அதனோடு கடற் காப்புறுதியும் கப்பற் கூலியும் சேர்ந்த விலை. முதலாவது கேட்பதற்கு இனிமையானது; ஆனால் எமது சுங்கம் கணக்குப் பார்ப்பது இரண்டாவதையே. எனவே ஒருவர் விலை சொன்னால், "இது எந்த விலை?" என்பதே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

வரியின்மேல் வரி

இனி எல்லாவற்றிலும் கனமான பகுதிக்கு வருவோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட முறையை எடுத்துக்கொள்வோம். சுங்கத் தீர்வை 20 வீதம். அந்தத் தீர்வையின்மேல் 50 வீத மிகைவரி. அதாவது இரண்டும் சேர்ந்து காரின் சீ.ஐ.எப். பெறுமதியில் 30 வீதம். இதன்மேல் உற்பத்தித் தீர்வை. இது பெற்றோல், டீசல் கார்களுக்கு எஞ்சினின் கொள்ளளவை வைத்தும், மின்சாரக் கார்களுக்கு மோட்டாரின் கிலோவாற்று வலுவை வைத்தும் கணிக்கப்படுவது. காரின் பெறுமதி குறித்த எல்லையைத் தாண்டினால் சொகுசு வரியும் உண்டு. எல்லாவற்றுக்கும் முடிவில் 18 வீதப் பெறுமதி சேர் வரி. இந்தக் கடைசி வரி காரின் விலைமீது மட்டுமன்றி, முன்னே கூறிய வரிகளின்மீதும், அத்துடன் சீ.ஐ.எப். பெறுமதியில் மேலும் ஒரு 10 வீதத்தைக் கூட்டி அதன்மீதும் அறவிடப்படுகிறது. வரிக்கும் வரி என்று பாமரர் சொல்வது மிகையன்று.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இது கணக்கை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்ட தொகையேயன்றி எந்தவொரு காரின் விலையுமன்று. சீ.ஐ.எப். பெறுமதி 25 இலட்சம் ரூபா. அந்த எஞ்சினுக்குரிய உற்பத்தித் தீர்வை 20 இலட்சம். சொகுசு வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

சுங்கத் தீர்வை 20 வீதம்: 500,000 ரூபா.
மிகைவரி, அத்தீர்வையில் பாதி: 250,000 ரூபா.
உற்பத்தித் தீர்வை: 2,000,000 ரூபா.
பெறுமதி சேர் வரிக்கு அடிப்படையான தொகை (25 இலட்சம், அதன் 10 வீதமாகிய 250,000, மேற்படி மூன்று வரிகள் ஆகியவற்றின் கூட்டு): 5,500,000 ரூபா.
அதில் 18 வீதம்: 990,000 ரூபா.
வரிகளின் மொத்தம்: 3,740,000 ரூபா.
காரின் பெறுமதியும் வரியும் சேர்ந்து: 6,240,000 ரூபா.

இருபத்தைந்து இலட்சத்துக் கார் துறைமுக வாசலைத் தாண்டும்போதே அறுபத்திரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது! இந்தக் கணக்கிலே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. உற்பத்தித் தீர்வை காரின் விலையைப் பார்ப்பதில்லை, எஞ்சினையே பார்க்கிறது. நல்ல நிலையிலுள்ள காருக்கும், அடிபட்டு மலிவாகக் கிடைத்த அதே வகைக் காருக்கும் அது ஒன்றே. ஆகவே ஏலக்கூடத்தில் 3 இலட்சம் ரூபா மலிவான காரைத் தேடிப் பிடித்தவர், வரிச் சேமிப்பையும் சேர்த்து முடிவில் மிச்சம் பிடிப்பது 5 இலட்சத்துக்கும் குறைவே. அங்கே விலை 12 வீதம் குறைந்தது. இங்கே மொத்தச் செலவு 8 வீதமும் குறையவில்லை. அந்த மிச்சத்துக்காகத் தரம் குறைந்த கார் ஒன்றைப் பத்தாண்டு காலம் கட்டி மாரடிக்க வேண்டியிருக்கும்.

வரி வீதங்கள் வர்த்தமானி அறிவித்தல் மூலம் காலத்துக்குக் காலம் மாற்றப்படுபவை. கார் பதிவு செய்த நாளில் இருந்த கணக்கு, கார் வந்து இறங்கும் நாளிலும் அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்னர் அன்றைய வீதத்தைச் சுங்கத்தில் அல்லது அனுமதி பெற்ற சுங்கத் தரகரிடம் எழுத்திலே பெற்றுக்கொள்வது புத்தி.

ரூபா சரிந்தால்

காரின் விலை யென்னில் அல்லது டொலரில். எமது சம்பளமோ ரூபாவில். கட்டளை கொடுக்கும் நாளுக்கும் கார் வந்து சேரும் நாளுக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ செல்லும். அதற்கிடையில் ரூபா சரிந்தால் என்னவாகும்?

மேற்கூறிய கணக்கின்படி சீ.ஐ.எப். பெறுமதியில் ஒரு இலட்சம் ரூபா கூடினால், வரிகளும் சேர்ந்து எமது கையிலிருந்து 155,200 ரூபா போகும். பெறுமதி 10 வீதம், அதாவது இரண்டரை இலட்சம் கூடினால், மொத்தச் செலவு 388,000 ரூபாவினால் ஏறும். 2022 இல் ரூபா எத்தனை வேகமாக வீழ்ந்தது என்பதைக் கண்ட எமக்கு இது வெறும் கற்பனைக் கணக்கன்று.

வங்கியில் நாணயக் கடிதம் திறப்பதிலும் மாற்றங்கள் வரும். 2018 செப்டெம்பரில் மத்திய வங்கி வாகன இறக்குமதிக்கான நாணயக் கடிதங்களுக்கு 100 வீத வைப்பைக் கட்டாயமாக்கியதை இங்கு நினைவுகூரலாம். சிறு தொகையை முற்பணமாக வைத்துக் காரியத்தை முடிக்கலாம் என்றிருந்தவர்கள் முழுத் தொகையையும் உடனே தேடவேண்டியவர்களாயினர். எனவே கையில் உள்ள பணம் முழுவதையும் காரின் விலைக்கென ஒதுக்காமல், எதிர்பாராத ஏற்றத்துக்கென ஒரு பகுதியை விலக்கி வைப்பது கட்டாயம்.

துறைமுகத்திலிருந்து வாசல்வரை

கார்களைச் சுமந்துவரும் கப்பல்கள் பெரும்பாலும் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை நாடுகின்றன. தெற்கு முனையிலிருந்து மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கார் வந்து சேரவேண்டும். துறைமுகக் கட்டணம், சுங்கத் தரகரின் கூலி, பத்திரங்கள் தாமதமானால் நாளுக்கு நாள் ஏறும் தாமதக் கட்டணம், ஓட்டிவருவோரின் செலவு என்பன இந்த வழியில் காத்திருக்கின்றன.

அதன்பின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு. 2025 ஒழுங்குவிதிகளின்படி சுங்கத்திலிருந்து விடுவித்த 90 நாட்களுக்குள் பதிவு செய்யாவிடில் தாமதக் கட்டணம் உண்டு. பதிவு செய்பவருக்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை, வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. கடனில் எடுத்த காருக்கு முழுக் காப்புறுதியைக் கடன் கொடுப்போர் வற்புறுத்துவர். அந்தக் காப்புறுதியின் கட்டணமோ யப்பானிய விலையைக் கொண்டன்று, வரியெல்லாம் சேர்ந்த இலங்கை விலையைக் கொண்டே கணிக்கப்படும். மேற்படி கார் எமக்கு அறுபத்திரண்டு இலட்சம் பெறுமதியுள்ளது. ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெறுமதிக்கே நாம் காப்புறுதி செய்யவேண்டும். கண்ணாடி உடைந்தாலும், முன்விளக்கு நொறுங்கினாலும் வாங்கும் உதிரிப்பாகமும் அவ்வாறே வரி சுமந்து வந்ததாகவே இருக்கும்.

கண்ணுக்குப் புலப்படாத குறைகள்

வெளியே பளபளக்கும் கார் உள்ளே என்ன நிலையில் உள்ளது? யப்பானின் வடபகுதியில் பனி பெய்யும் காலத்தில் வீதிகளில் உப்புத் தூவுவர். அங்கு ஓடிய காரின் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கலாம். மேலே பூசிய கறுப்பு மை அதை மறைத்துவிடும். காரை உயர்த்தி அடிப்பாகத்தைப் பாராமல் வாங்குதல் கூடாது. பனிக்காலத்து ரயர்களோடு வரும் காருக்கு எமது வெப்பமான வீதிகளுக்கேற்ற ரயர்கள் நான்கையும் மாற்றவேண்டியிருக்கும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மானியைப் பின்னோக்கித் திருப்பிவிடுவது பழைய தந்திரம். மானியில் கண்ட எண்ணை, ஏலத் தாளில் கண்ட எண்ணோடும், பிரேக் மிதிகட்டையின் தேய்வோடும், ஸ்டியரிங் உறையின் தேய்வோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை பெரும்பாலும் வெளிப்படும்.

பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் கார்களிலும், முழு மின்சாரக் கார்களிலும் உயிர்நாடி பற்றறியே. அது வெப்பத்தில் விரைவாக முதுமையடையும் பொருள். யப்பானின் குளிரில் மூன்றாண்டு ஓடியதற்கும் எமது வெயிலில் மூன்றாண்டு ஓடுவதற்கும் வேறுபாடு உண்டு. நிசான் லீப் போன்ற கார்களில் பற்றறியின் எஞ்சிய கொள்ளளவைப் பன்னிரண்டு கோடுகளாகக் காட்டும் அமைப்பு இருக்கிறது. எத்தனை கோடுகள் எஞ்சியுள்ளன என்பதை வாங்குமுன் பார்க்கவேண்டும். ஏனைய கார்களிலும் பற்றறியின் நிலையைக் கருவி கொண்டு சோதிக்கும் கராஜ்கள் உள்ளன. எரிபொருளில் மாதாமாதம் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் பற்றறி விழுங்கிவிடக்கூடாதல்லவா?

சிறு விடயங்களும் உள்ளன. யப்பானிய வானொலி அலைவரிசை 76 முதல் 95 வரை. எமதோ 88 முதல் 108 வரை. அதனால் எமது வானொலி நிலையங்களிற் பல அந்தக் காரில் கேட்காது. அதற்கென ஒரு மாற்றுக் கருவி பொருத்தவேண்டும். காரின் திரையில் தோன்றும் எச்சரிக்கைகளும் கைநூலும் யப்பானிய மொழியில் இருக்கும். எஞ்சின் சூடேறிவிட்டது என்று கார் அலறினாலும் எமக்கு விளங்காது. இவற்றை மாற்றுவதும் செலவே.

கடனின் விலை

பெரும்பாலான குடும்பங்கள் முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு கார் வாங்குவதில்லை. காரின் பெறுமதியில் எத்தனை வீதம் வரை லீசிங் கடன் கொடுக்கலாம் என்பதை மத்திய வங்கி வரையறுக்கிறது. அந்த எல்லையும் மாற்றப்படுவதுண்டு. 30 இலட்சம் ரூபாவை ஐந்து ஆண்டுக்கு, ஆண்டு வட்டி 14 வீதத்தில், குறைந்துசெல்லும் மீதியின்மேல் பெறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதாந்தத் தவணை ஏறத்தாழ 69,800 ரூபா. அறுபது மாதங்களில் நாம் திருப்பிக் கட்டுவது ஏறக்குறைய 41 இலட்சத்து 88 ஆயிரம். வட்டி மட்டும் 11 இலட்சத்து 88 ஆயிரம்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். காரும் வரியும் 62 இலட்சத்து 40 ஆயிரம். துறைமுகம், போக்குவரத்து, பதிவு, முதலாண்டுக் காப்புறுதி, ரயர் முதலியவற்றுக்கு 3 இலட்சம் என்று கொள்வோம். வட்டியையும் சேர்த்தால் 77 இலட்சத்தைத் தாண்டுகிறது. இருபத்தைந்து இலட்சம் என்று சாப்பாட்டு மேசையில் தொடங்கிய பேச்சு மும்மடங்காய் முடிகிறது. இன்னும் ஒரு துளி எரிபொருள் ஊற்றப்படவில்லை!

ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகம்

எமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியத் தம்பதியர் 2017 இல், மூன்று ஆண்டு ஓடிய கார் ஒன்றை ஒரு விற்பனை நிலையத்தில் வாங்கினர். வெளிநாட்டிலுள்ள தமையனார் ஒரு பகுதியை உதவினார், மீதி லீசிங். மானியில் குறைந்த தூரமே காணப்பட்டது. ஏலத் தாளை எவரும் கேட்கவில்லை. 2020 இல் ஊரடங்கு வந்தது. தவணைகளுக்குச் சலுகைக் காலம் கொடுக்கப்பட்டது. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறியது. அடுத்த ஆண்டில் பற்றறி செயலிழந்தது. இறக்குமதி குறைந்திருந்த அந்நாட்களில் அதன் விலை அவர்களது இரண்டு மாதச் சம்பளத்தையும் மிஞ்சியது. மூத்த மகனின் மேற்படிப்புக்கென ஒதுக்கியிருந்த பணம் அதற்குப் போனது. மகன் ஓராண்டு காத்திருந்தான்.

பின்னர் அவர்கள் அந்தக் காரை, வாங்கிய விலையிலும் ஏழு இலட்சம் கூடுதலாக விற்றனர். உறவினர் யாவரும் "கெட்டித்தனம்" என்று பாராட்டினர். ஆனால் அந்த வீட்டுத் தலைவி பாடசாலைக் கொப்பி ஒன்றில் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு செலவையும் எழுதி வைத்திருந்தார். வட்டி, காப்புறுதி, பற்றறி, திருத்தவேலை எல்லாவற்றையும் கூட்டி, பெற்ற இலாபத்தைக் கழித்தபோது, அவர்கள் அந்தக் காரை வைத்திருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சிறு வீட்டின் வாடகையளவு செலவழித்திருந்தனர். "கார் எமக்கு உதவவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மாமியைக் கடைசிவரை அதில்தான் கொண்டு திரிந்தோம். ஆனால் இந்தக் கணக்கு முதலே தெரிந்திருந்தால் சிறிய காராய்ப் பார்த்து, இன்னும் இரண்டு வருடம் சேர்த்துவிட்டு வாங்கியிருப்போம்" என்று அந்த அம்மையார் எம்மிடம் கூறினார். இதைவிடத் தெளிவான அறிவுரையை நாம் எழுதிவிட முடியாது.

குறுக்கு வழியும் அதன் விலையும்

வரிச் சுமை இத்தனை பெரிதாயிருக்கையில் குறுக்கு வழி காட்டுவோரும் இல்லாமற் போவதில்லை. பெறுமதியைக் குறைத்து எழுதிய விலைச்சிட்டை, மாற்றியெழுதிய உற்பத்தித் திகதி, வேறொருவர் பெயரிற் பெற்ற அனுமதி என்று பல வழிகள். சுங்கம் விலைச்சிட்டையை அப்படியே ஏற்கக் கடமைப்பட்டதன்று. பொய் வெளிப்பட்டால் தண்டமும் பறிமுதலும் உண்டு. பத்திரம் பிழையான காரைப் பின்னர் நம்பி வாங்கியவரும் அலைய நேரும்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கேள்வி உண்டு. இந்தக் காருக்காக நாட்டை விட்டுப் போகும் டொலர் எங்கிருந்து வருகிறது? மலையகத்தின் கொழுந்துக் கூடையிலிருந்தும், ஆடைத் தொழிற்சாலையில் நின்று தைக்கும் இளம் பெண்களின் கைகளிலிருந்தும், மத்திய கிழக்கில் பிறர் வீட்டுப் பணியாற்றும் தாய்மாரின் கண்ணீரிலிருந்தும் அது வருகிறது. அவர்கள் தேடிய செல்வத்தை நாம் செலவிடுகிறோம் என்றால், அதற்குரிய வரியை நேர்மையாகச் செலுத்துவதே குறைந்தபட்ச நீதி. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் அந்த வரியிலிருந்தே நடைபெறுகின்றன. வரி அதிகம் என்று வாதாட எமக்கு உரிமை உண்டு. ஏய்க்க உரிமை இல்லை.

தீர்மானிக்குமுன்

கார் வாங்க எண்ணும் குடும்பங்கள் பின்வருவனவற்றை மனத்திற் கொள்வது நன்று.

முதலாவது, தேவையை அளந்து பாருங்கள். மாதத்தில் எத்தனை நாள் கார் உண்மையாகவே வேண்டும்? நான்கைந்து நாட்கள்தான் என்றால், அந்நாட்களுக்கு வாடகைக் கார் பிடிக்கும் செலவை, மேற்கூறிய தவணையோடும் காப்புறுதியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல குடும்பங்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது, நாட்டிலே ஏற்கனவே பதிவு செய்யப்பட்ட கார் ஒன்றையும் விசாரியுங்கள். அதன் வரி முன்னரே கட்டப்பட்டது. அதன் வரலாற்றை அயலவரிடமும் கராஜிலும் கேட்டறியலாம். ரூபா சரிவு பற்றிய பயமும் இல்லை.

மூன்றாவது, இறக்குமதியே செய்வதென்றால் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எந்த விலை, எந்தத் தரம், வரி கூடினால் யார் பொறுப்பு, கார் குறித்த நாளில் வராவிட்டால் முற்பணம் திரும்புமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிடவேண்டும். வாய்ப்பேச்சை நம்பி முற்பணம் கொடுத்தவர்களின் கதைகள் அநேகம்.

நான்காவது, மாதத் தவணையை இறுதிப் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கும், பெற்றோரின் மருந்துக்கும், அவசர சேமிப்புக்கும் பின்னரே வையுங்கள். அவற்றை வெட்டித்தான் தவணை கட்டவேண்டும் என்றால், அந்தக் கார் இன்னும் எமக்குரிய காலத்தை அடையவில்லை.

ஐந்தாவது, வெளிநாட்டிலுள்ள உறவினர் உதவுகிறார் என்றால், அந்த உதவியின் பின்னாலுள்ள இரவு வேலையையும் குளிரையும் எண்ணிப் பாருங்கள். அவர் அனுப்பும் தொகை காரைக் கொண்டுவந்து சேர்க்கும். அதை ஓட வைப்பது நாமே.

கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் ஒரு மாலைப் பொழுதில் கூடியிருந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இக்கட்டுரையிற் கூறிய தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தமக்குரிய தொகைகளை நிரப்பிக் கூட்டிப் பார்க்கட்டும். அந்தக் கூட்டுத்தொகையைக் கண்ட பின்னரும் அமைதியோடு "வாங்குவோம்" என்று சொல்ல முடிந்தால், நிம்மதியோடு வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால், இன்னும் சிறிது காலம் சைக்கிளும் பஸ்ஸும் எம்மைச் சுமக்கும். அயல்வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்காக எமது வீட்டின் உறக்கத்தை விற்க வேண்டியதில்லை.